அஞ்சேல் எனும் அறம்

சிவாலயங்களின் வடகிழக்கு மூலையில், நாய் வாகனம் பின்னே நிற்க, பைரவர் காட்சி தருவதை அன்பர்கள் அறிவர். அர்த்தஜாம பூஜை முடிந்து நடை சாத்தும் வேளையில் திருக்கோயிலின் திறவுகோலை அவருடைய சந்நிதியில் வைத்து வணங்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. தேய்பிறை அஷ்டமியில் அவர் திருமுன் விளக்கேற்றுவோர் வேண்டுவன பலவாயினும், அவற்றுள் தலையாயது மனத்து அச்சம் அகல வேண்டும் என்பதே. தோற்றத்தில் அச்சுறுத்துபவராகவும், அருளில் அச்சத்தை அழிப்பவராகவும் விளங்கும் அப்பெருமான் தமக்கு வாகனமாகக் கொண்டது நாயை.

அந்த நாயினத்திலும் அஞ்சி ஒடுங்கும் உயிர்கள் உண்டு. பெரிய நாய்கள் இரண்டு மூன்று உள்ள வீட்டுக்குப் புதிதாக வந்து சேரும் சிறு நாய், கட்டிலின் அடியிலோ நெற்குதிரின் பின்னாலோ பதுங்கிக்கொண்டு, வைத்த சோற்றைத் தொடாமல் நடுங்குவதைப் பலரும் கண்டிருப்பர். கோயிலில் அபயம் வேண்டிவிட்டு வீடு திரும்பும் பெரியவரிடம், அந்தச் சிறிய உயிரும் வாய் திறவாமல் அதையே வேண்டி நிற்கிறது. அதற்கு அபயம் அளிப்பது எங்ஙனம்?

கோம்பையின் காவலர்கள்

தேனி மாவட்டத்தின் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கோம்பை. அவ்வூரின் பெயரையே தாங்கிய நாய் இனம் தமிழகம் முழுவதும் பெயர் பெற்றது. செம்பழுப்பு உடல், கருத்த முகவாய், உடலோடு ஒட்டிய குறுமயிர், வலிய தாடை ஆகியவை அதன் அடையாளங்கள். காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பாளையக்காரர் காலந்தொட்டுப் பயன்பட்ட இனம் அது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று பாரதப் பிரதமர் ஆற்றிய வானொலி உரையில், இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகிய இனங்களோடு கோம்பையையும் பெயர் சொல்லிப் போற்றியது நினைவிருக்கலாம்.

1895-இல் முல்லைப் பெரியாறு அணை நிறைவுற்று, மலையைக் குடைந்த வழியே நீர் கிழக்கு நோக்கிப் பாயத் தொடங்கிய பின் கம்பம் பள்ளத்தாக்கு செழித்தது. நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் விளையும் இந்நிலத்தில், மலையடிவாரத் தோட்டங்களுக்குக் காவல் இன்றியமையாதது. ஆகவே ஒரு வீட்டில் இரண்டு மூன்று நாய்கள் இருப்பது இங்கே வியப்பன்று. கோம்பை நாய் தன் வீட்டாரிடம் கன்றுபோல் குழையும். வேற்றாரையும் வேற்று நாயையும் எளிதில் ஏற்காது. காவலுக்கு அதுவே குணம்.

இப்படிப்பட்ட ஒரு தோட்டத்து வீட்டை மனத்தில் நிறுத்திக்கொள்வோர்க்கு இனிவரும் செய்திகள் எளிதில் விளங்கும். அவ்வீட்டுத் தாத்தாவும் அப்பத்தாவும் இரண்டு கோம்பை நாய்களை வளர்த்து வருகின்றனர். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த பொமரேனியன் ஒன்றை, வெளிநாடு செல்லும் மகன் கொண்டுவந்து விடுகிறான். ஐந்து கிலோ எடை கூட இல்லாத அது, மண்ணை மிதித்து அறியாதது. மாட்டின் குரலைக் கேட்டறியாதது. தன்னைப்போல் நான்கு மடங்கு எடையுள்ள நாய்களை அருகில் கண்டறியாதது. நாய்க்குட்டி பிறந்த 3-ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 14-ஆம் வாரம் வரை எவற்றைப் பார்த்துப் பழகுகிறதோ, அவற்றையே பிற்காலத்தில் இயல்பானவையாகக் கொள்ளும் என்பர் வல்லுநர். அப்பருவத்தில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டு வளர்ந்த நாய்க்குப் பின்னாளில் உலகமே அச்சமாகத் தோன்றினால் அது அதன் குற்றமன்று.

சரமையின் மகன்

குற்றமற்ற நாயைத் துன்புறுத்துவதன் பயனை மகாபாரதம் தன் தொடக்கத்திலேயே கூறுகிறது. பரீட்சித்தின் மைந்தனான ஜனமேஜயன் தன் தம்பியர் மூவருடன் குருட்சேத்திரத்தில் நெடிய வேள்வி ஒன்றை இயற்றினான். வேள்விச் சாலைக்குத் தேவலோக நாயான சரமையின் மகன் வந்தான். தம்பியர் அவனை அடித்து விரட்டினர். அழுதுகொண்டே தாயிடம் ஓடிய குட்டியை நோக்கி, “நீ ஏதேனும் பிழை செய்திருப்பாய்” என்றாள் சரமை. தான் அவிப்பொருளை நக்கவுமில்லை, அதன் பக்கம் பார்க்கவுமில்லை என்றது குட்டி. மகனின் துயர் கண்ட தாய் வேள்விச் சாலைக்கே வந்து காரணம் கேட்டாள். ஒருவரும் விடை கூறவில்லை. பிழையில்லாத பிள்ளையை அடித்தமையால், கண்ணுக்குத் தெரியாத அச்சம் ஒன்று அவர்களை வந்தடையும் என்று அவள் சபித்தாள். பேரரசனான ஜனமேஜயன் கலங்கி, அந்தச் சாபம் தீர்க்கவல்ல புரோகிதரைத் தேடி அலைந்தான்.

காரணமின்றி ஒரு சிற்றுயிர்க்கு ஊட்டிய அச்சம், ஊட்டியவரிடமே திரும்பி வந்தது என்பதே இக்கதையின் பொருள். தோட்டத்து வீட்டிலும் இதைக் காணலாம். பதுங்கும் நாயைக் கட்டிலுக்கடியிலிருந்து காலைப் பிடித்து இழுப்பதும், “பழகட்டும்” என்று பெரிய நாய்களின் நடுவே கொண்டுபோய் விடுவதும், நடுக்கத்தில் அது வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் அடிப்பதும் தீய எண்ணத்தால் நிகழ்வன அல்ல. எனினும் அச்சம் அவற்றால் முற்றுகிறது. முற்றிய அச்சம் ஒரு நாள் கடியாக வெளிப்படுகிறது. அன்று முதல் அந்த வீட்டாருக்கும் அச்சம் வந்துவிடுகிறது.

அஞ்சும் உயிரின் மொழி

நாய்க்கு வாய்மொழி இல்லையாயினும் உடல்மொழி உண்டு. வாலைக் கால்களின் இடையே ஒடுக்குதல், காதுகளைப் பின்னே சாய்த்தல், உடலைத் தாழ்த்துதல் ஆகியவற்றை எவரும் அறிந்துகொள்வர். எளிதில் புலப்படாத குறிகள் வேறு சில உண்டு. பசியில்லாதபோதும் நாவால் மூக்கை நக்குதல், உறக்கம் வராதபோதும் கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்பிக்கொண்டு விழியின் வெண்மை தெரியக் கடைக்கண்ணால் பார்த்தல், ஒரு காலைத் தூக்கியபடி அசையாமல் நிற்றல் ஆகிய இவையும் அச்சத்தின் குறிகளே. அசையாமல் நிற்கும் நாயைக் கண்டு, “அமைதியாகிவிட்டது” என்று மகிழ்வோர் உண்டு. பல வேளைகளில் அது அமைதியன்று. அச்சத்தால் உறைந்து நிற்கும் நிலை.

உறுமலும் ஒரு மொழியே. “இதற்கு மேல் வராதே” என்பது அதன் பொருள். உறுமும் நாயை அடித்து அடக்கினால், அது உறுமுவதை நிறுத்திவிடக்கூடும், அஞ்சுவதை நிறுத்துவதில்லை. அதன்பின் எச்சரிக்கையின்றிக் கடிக்கும். ஆதலால் உறுமல் கேட்டவுடன் செய்யத்தக்கது இடைவெளி தருவது ஒன்றே.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுதல் நன்று. பல்வலி, காதுச் சீழ், மூட்டுவலி, கண்பார்வைக் குறைவு ஆகியவை நாயை அஞ்சச் செய்யும். வலியால் ஒடுங்கும் உயிரைப் பயிற்சியால் தேற்ற இயலாது.

ஒதுங்க ஓர் இடம்

அபயம் என்பது வாயால் சொல்லும் ஆறுதலில் தொடங்குவதில்லை. ஒதுங்குவதற்கு ஓர் இடம் தருவதில் தொடங்குகிறது. பட்டாசாலையின் ஒரு மூலையிலோ உள்ளறையிலோ, ஒருபுறம் மட்டும் திறந்த மரப்பெட்டியைக் கவிழ்த்து, அதனுள் பழைய சேலையை மடித்து விரித்தால் போதும். வாயில் சிறியதாக இருக்க வேண்டும். பெரிய நாய்கள் உள்ளே தலை நுழைக்க இயலாதிருக்க வேண்டும். அங்கே அது புகுந்துகொண்டால் வீட்டார் எவரும், குறிப்பாகப் பேரப்பிள்ளைகள், கையை நீட்டி அதை வெளியே எடுக்கலாகாது. வேண்டும்போது புகவும், வேண்டும்போது வெளிவரவும் உரிமை உண்டு என்று தெளிந்த பின்னரே நாய் வெளியே வரத் துணியும்.

முதல் சில நாள்கள் பெரிய நாய்களைக் காணாமலே கழிவது நல்லது. கதவு சாத்திய அறையில் சிறு நாய் இருக்கட்டும். பெரிய நாய்கள் படுத்த சாக்கை அந்த அறையிலும், அதன் சேலைத் துண்டைத் திண்ணையிலும் வைத்தால், ஒன்றன் வாடை மற்றதற்குப் பழகிவிடும். நாய்க்கு மூக்கே முதற்கண். முகத்தைக் காணுமுன் வாடையை அறிந்துகொண்டால் பாதி அந்நியம் தீர்ந்துவிடும்.

பெரியவர் அதன் அருகில் செல்லும்போது நிமிர்ந்து நின்று, மேலிருந்து குனிந்து தலையைத் தடவ முற்படுதல் வேண்டா. முக்காலியிலோ தாழ்ந்த நாற்காலியிலோ பக்கவாட்டில் அமர்ந்து, அதன் கண்களை உற்று நோக்காமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதிகாலையில் அப்பத்தா அமர்ந்து கீரை ஆய்வதும், தாத்தா உரக்கப் பாராயணம் செய்வதும் அதற்குப் பழகிய ஒலிகளாகிவிடும். அவ்வப்போது ஒரு சிறு துண்டு வேகவைத்த முட்டையைத் தரையில் தள்ளி வைத்தால் போதும். அதுவாக வந்து முகர்ந்து எடுத்துக்கொள்ளும் நாள் வரும். அந்த முதல் அடி அதன் சொந்த அடியாக இருத்தல் வேண்டும்.

அஞ்சும் நாய்க்கு ஆறுதல் அளித்தால் அச்சம் வளரும் என்று சிலர் கூறுவர். அது சரியன்று. அச்சம் ஓர் உணர்ச்சி; அமைதியான அரவணைப்பு அதைக் கூட்டுவதில்லை. நாய் தானே மடி தேடி வந்தால் இதமாகத் தடவிக் கொடுக்கலாம். பதற்றத்தோடு கூவி, ஓடிச்சென்று தூக்குவதே தவறு. வீட்டாரின் பதற்றத்தை நாய் உடனே உணர்ந்துகொள்ளும்.

விபீஷணன் வந்த வழி

இராவணனை விட்டு நீங்கி, கடலைத் தாண்டி வந்த விபீஷணன் வானத்திலேயே நின்றான். கீழே மாபெரும் வானர சேனை. வந்தவனை நம்பலாகாது என்றான் சுக்கிரீவன். அங்கதனும் ஜாம்பவானும் மற்றத் தலைவர்களும் ஐயுற்றனர். அனுமன் மட்டும் அவன் வருகையில் குற்றம் காணவில்லை. அனைவரையும் கேட்டபின், தம்மைச் சரணடைந்த எவ்வுயிர்க்கும் அபயம் அளிப்பது தமது விரதம் என்றார் ஸ்ரீராமர். அதோடு அவர் நிற்கவில்லை. எதிர்த்துப் பேசிய சுக்கிரீவனையே அழைத்து, “நீயே சென்று அவனை அழைத்து வா” என்று பணித்தார்.

புதியவனை ஒரு கூட்டத்துக்குள் சேர்க்கும் முறைக்கு இதைவிடத் தெளிந்த பாடம் தேவையில்லை. வந்தவன் முதலில் தொலைவில் நிறுத்தப்படுகிறான். முன்னரே இருப்போரின் மனக்குறையும் கேட்கப்படுகிறது. தலைவர் பொறுப்பேற்கிறார். வலியவனே துணையாக அனுப்பப்படுகிறான்.

தோட்டத்து வீட்டிலும் இவ்வரிசையைப் பின்பற்றலாம். கோம்பை நாய்கள் தம் எல்லையாகக் கருதும் முற்றத்தில் முதல் சந்திப்பு நிகழலாகாது. வாய்க்கால் கரையோ, அறுவடை முடிந்த வயலோ, இரு தரப்புக்கும் உரிமையற்ற ஒரு பொதுவிடம் வேண்டும். இரண்டு பெரிய நாய்களையும் ஒருசேரக் கொண்டுசெல்லாமல், அவற்றுள் சாந்தமானதை மட்டும் முதலில் அழைத்துச் செல்ல வேண்டும். ஒருவர் கையில் பெரிய நாய், மற்றொருவர் கையில் சிறு நாய். இரண்டுக்கும் கழுத்துப்பட்டையும் கயிறும் தேவை. கயிறு தளர்ந்திருக்க வேண்டும். விறைத்த கயிறு நாயின் மனத்தையும் விறைக்கச் செய்யும். பெரிய நாயின் கயிற்றை வலுவுள்ள இளையவர் பிடிப்பதே ஏற்றது. முதியோர் அதைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தால் ஓர் இழுப்பில் விழுந்துவிட நேரும்.

இரு நாய்களையும் நேருக்கு நேர் நடத்தாமல், இருபது முப்பது அடி இடைவெளியில் ஒரே திசை நோக்கி இணையாக நடத்த வேண்டும். சிறு நாய் நடக்கவும் உண்ணவும் மறுக்காத தொலைவே தக்க தொலைவு. அது நின்றுவிட்டால் இடைவெளி போதாது என்று பொருள். பத்து நிமிடம் நடந்து, அமைதியாக வீடு திரும்பினால் அன்றைய வேலை நிறைவு. மறுநாள் இடைவெளி சற்றே குறையலாம். சில நாள்களில் ஒன்றன் பின்னால் ஒன்று முகர்ந்துகொள்ளும். மூன்று விநாடி முகர்ந்ததும் இரண்டையும் இதமாக அழைத்துப் பிரித்து, மீண்டும் நடத்த வேண்டும். சாந்தமான நாயோடு பழகிய பின்னரே இரண்டாவது நாயின் முறை. மூன்றும் ஒன்றாக நடப்பது அதற்கும் பிந்தியது.

சாந்தமான அந்தப் பெரிய நாயே பின்னாளில் சிறு நாய்க்கு ஆசானாகிவிடும். அது அஞ்சாமல் கடக்கும் வாய்க்கால் பாலத்தைச் சிறியது பார்க்கிறது. மாட்டுவண்டி வரும்போது அது வெறுமனே ஒதுங்கி நிற்பதைப் பார்க்கிறது. பார்த்துக் கற்பது நாய்களின் இயல்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வேட்டை இரத்தம் உடைய பெரிய நாயின் முன் சிறு நாய் கீச்சிட்டு ஓடினால், துரத்தும் உணர்வு கிளர்ந்துவிடக்கூடும். ஒரு கவ்வலில் சிறு உயிர் மாய்ந்துவிடும். ஆதலால் பல மாதங்கள் ஒற்றுமையாக இருந்து காட்டும் வரை, ஆள் பார்வையின்றி அவற்றை ஓரிடத்தில் விட்டுச் செல்லலாகாது. கோயிலுக்குப் புறப்படும்போது சிறியது உள்ளறையில், கதவு சாத்தியிருக்க வேண்டும். சண்டை மூண்டுவிட்டால் நடுவே கையை விடலாகாது. வாளி நீரை ஊற்றியோ, பலகையை இடையே தள்ளியோ பிரிக்க வேண்டும். கடி பட்டவர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையை நாட வேண்டும். வீட்டு நாய்தானே என்று இருந்துவிடலாகாது. வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருத்தல் கடமை.

சோறும் பிரசாதமும்

நாய்களிடையே பகை மூள்வது பெரும்பாலும் சோற்றுத் தட்டிலும், எலும்புத் துண்டிலும், எசமானரின் மடியிலும்தான். எனவே ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு, தனி இடம் வேண்டும். ஒன்றன் தட்டு மற்றதன் கண்ணுக்குத் தெரியாதிருப்பது இன்னும் நன்று. உண்டு முடித்ததும் தட்டுகளை எடுத்துவிட வேண்டும். முன்னரே உள்ள நாய்களின் உணவு நேரமும், அவற்றுக்கு உரிய தடவலும் புதியதன் வரவால் குறைந்துவிடலாகாது. மூத்த பிள்ளையின் மனம் நோகாமல் இளைய பிள்ளையைப் பேணத் தெரிந்த அப்பத்தாவுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. பெரிய நாய்களின் எதிரில் சிறியதை அடிக்கடி தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வதையும் தவிர்க்க வேண்டும். அவை ஆவலால் மேலே தாவும், முதியவர் நிலைதடுமாறுவார், உயரே இருக்கும் சிறு நாயும் ஓட வழியின்றி மேலும் அஞ்சும்.

பக்தியுள்ள இல்லங்களில் மற்றொரு கவனமும் தேவை. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது இப்பள்ளத்தாக்குக்குப் பெருமை. ஆனால் மனிதர்க்கு அமுதமான திராட்சை நாய்க்கு நஞ்சு. பச்சைத் திராட்சையாயினும் கறுப்பாயினும், உலர் திராட்சையாயினும், சிறிதளவே சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். உடல் சிறுத்த நாய்க்கு இடர் இன்னும் மிகுதி. சர்க்கரைப் பொங்கலிலும் பஞ்சாமிர்தத்திலும் உலர் திராட்சை கலந்திருக்கும். வாயில்லா உயிருக்கும் பிரசாதம் சேரட்டும் என்ற நல்லெண்ணத்தோடு அதை ஊட்டுவது ஆபத்தாக முடியலாம். புளியோதரை, வெங்காயம் சேர்ந்த குழம்பு, சாக்லேட் ஆகியவையும் வேண்டா. தெரியாமல் உண்டுவிட்டால், அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் விரைய வேண்டும். வெறும் தயிர்சாதமோ, உப்பில்லாமல் வெந்த பரங்கிக்காயோ ஒரு பிடி அளித்தால் தெய்வத்துக்கு அதுவும் நிவேதனமே.

சிறு வெற்றிகள்

துணிவு என்பது சிறு வெற்றிகளின் சேமிப்பு. நாள்தோறும் ஐந்து நிமிடம் போதும். பழைய துண்டை மடித்து, மடிப்புகளில் உணவுத் துணுக்குகளை ஒளித்து வைத்தால், நாய் மூக்கால் தேடி எடுக்கும். மோப்பம் பிடிப்பதில் ஈடுபடும் நாயின் மனம் அமைதியுறுகிறது. தேடியது கிடைக்கும்போது அதற்குத் தன்மேல் நம்பிக்கை பிறக்கிறது. “வா”, “உட்கார்” என்ற இரண்டு சொற்களைக் கற்றுக்கொடுத்து, ஒவ்வொரு முறையும் உடனே ஒரு துணுக்கு தரலாம். தான் ஒன்றைச் செய்தால் நல்லது ஒன்று நடக்கும் என்று அறிந்த உயிர், உலகத்தைக் கண்டு முன்போல் மிரளாது. புல், மணல், வைக்கோல், சிமெண்ட் என்று வெவ்வேறு தரைகளில் அதன் விருப்பப்படி நடக்கவிடுவதும் பயன் தரும். ஒரு நாள் பின்வாங்கினால் வருந்த வேண்டியதில்லை. முந்திய நாளின் எளிய பாடத்துக்குத் திரும்பிவிட்டால் போதும்.

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவின் மேளமும் அக்கினிச்சட்டி ஊர்வலமும், தீபாவளியின் வெடியும் மனிதர்க்குக் கொண்டாட்டம். செவி கூர்ந்த சிறு நாய்க்கு அவை பேரிடி. அத்தகைய நாள்களில் அதை உள்ளறையில், சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் மெல்லிய பக்திப் பாடலையும் ஓடவிட்டு வைக்கலாம். வெளி ஒலி சற்றே மங்கும். வீட்டார் ஒருவர் உடன் இருந்தால் இன்னும் நலம். கூட்டத்துக்கு அழைத்துச் சென்று பழக்கலாம் என்று எண்ணுவது பெருந்தவறு. மிரண்டு கயிற்றை உருவிக்கொண்டு ஓடிய நாய், அறியாத ஊரில் வழி தவறிவிடும்.

வைகாசியில் வந்த நாய் கார்த்திகைக்குள் தேறினால் அது நல்ல முன்னேற்றம். சில நாய்களுக்கு ஓராண்டும் ஆகலாம். தேறுவதன் குறிகள் மெல்லத் தென்படும். பெட்டிக்கு வெளியே, நான்கு கால்களையும் நீட்டி ஒருக்களித்து உறங்கும். பிறர் நடமாடும்போதே உண்ணும். திடுக்கிட்டபின் உடலை ஒருமுறை உதறிவிட்டு இயல்புக்கு வரும். ஒரு மாலையில் முன்கால்களைத் தரையில் படியவைத்து, பின்புறத்தை உயர்த்தி, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய கோம்பை நாயை விளையாட அழைக்கும். சில நாய்கள் என்றுமே கூச்சம் உள்ளவையாகவே இருந்துவிடும். அதனால் குறையொன்றுமில்லை. எல்லாரும் சேனைத்தலைவராக வேண்டியதில்லை. அஞ்சாமல் உண்டு, அஞ்சாமல் உறங்கினால் அவ்வுயிருக்கு அதுவே நிறைவாழ்வு.

கைவிடாமை

பொறுமை இழந்தோர் சிலர், “இது தேறாது” என்று முடிவு செய்து, அந்த நாயைக் கோயில் வாசலில் விட்டுவிடுவதுண்டு. சந்நிதியின் அருகில் விட்டோம், தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வர். வீட்டில் வளர்ந்த சிறு நாய்க்குத் தெருவில் இரை தேடத் தெரியாது. அங்குள்ள நாய்க்கூட்டம் அதைத் தன் எல்லைக்குள் விடாது. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி வளர்ப்பு உயிரைக் கைவிடுவதை 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாகக் கொள்கிறது. அறநூல் அதற்கு முன்பே குற்றம் என்றது.

மகாபாரதம் நாய்க்குட்டியின் அழுகையோடு தொடங்கியது போலவே, முடியும் வேளையிலும் ஒரு நாயைக் காட்டுகிறது. தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்தபின், தருமபுத்திரரின் பின்னே ஒரு நாய் மட்டும் தொடர்ந்து வந்தது. தேருடன் வந்த இந்திரன், நாயை விட்டுவிட்டு ஏறுமாறு அழைத்தான். அதற்குத் தருமர் உடன்படவில்லை. அஞ்சி வந்ததையும், அன்பு பூண்டதையும், தம்மையன்றி வேறு கதி இல்லாததையும் கைவிடுவதில்லை என்பது தமது விரதம் என்றார். சுவர்க்கம் போனாலும் போகட்டும் என்று நின்றார். அந்த நாய் தருமதேவதையாக வடிவு காட்டியது அதன் பின்னரே. நின்றபோது தருமருக்கு அது வெறும் நாய்தான்.

அவர் கைவிடலாகாது என்று எண்ணியவற்றுள் அஞ்சி வந்த உயிரும் இடம்பெற்றிருப்பது நினைவில் நிற்கத்தக்கது. முதியோர் பலர் தம் பிள்ளைகள் தொலைவில் இருக்க, பெரிய வீட்டில் தனித்து வாழும் காலம் இது. இரவில் கதவு தட்டும் ஓசைக்கும், மருத்துவமனையின் பெயருக்கும், நாளைய நிலைக்கும் உள்ளூர அஞ்சுவோர் அவர்களுள் உண்டு. அச்சம் எத்தகையது என்பதை அறிந்தவரே அஞ்சும் உயிருக்குத் தக்க துணை. அடுத்த தேய்பிறை அஷ்டமியில் பைரவர் சந்நிதிக்குச் செல்லும் அன்பர்கள், அவர் பின்னே அமைதியாக நிற்கும் வாகனத்தையும் ஒரு கணம் நோக்குவாராக. வீட்டில் பெட்டிக்குள் பதுங்கியிருக்கும் சிற்றுயிர்க்கு “அஞ்சேல்” என்று சொல்லும் பொறுப்பை அப்பெருமான் அவர்கள் கையில் அளித்திருக்கிறார். அதைப் பொறுமையோடு நிறைவேற்றும் இல்லத்தில் அபயம் இரு தரப்புக்கும் உண்டு.